மூச்சில்லாத ஆமென்

நம் பங்கு ஆலயங்கள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு புதிய பாடகர் குழு இடம்பிடித்துள்ளது. அதற்கு ஒத்திகை தேவையில்லை, தொண்டை கட்டுவதில்லை, தேர்வுக் காலத்தில் விடுப்பும் எடுப்பதில்லை. 61 கட்டைகள் கொண்ட ஒரு பலகைக்குள் அது அடங்கிக் கிடக்கிறது. கீபோர்டு ஒர்க்ஸ்டேஷன் என்று வணிகர் அழைக்கும் அக்கருவியில், இளையோர் என்றோ ஒருநாள் பாடிய 'ஆமென்', 'அல்லேலூயா' ஆகியவற்றைப் பதிந்துவைத்து, பின்வரும் ஞாயிறுகளில் எல்லாம் ஒரு கட்டையை அழுத்தி ஒலிக்கச் செய்கிறார்கள். நற்கருணை மன்றாட்டின் முடிவில் குருவானவர் திருவப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்துகிறார். மக்கள் வாய் திறக்குமுன் ஒலிபெருக்கி நான்கு குரல்களில் 'ஆமென்' என்கிறது. மக்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இவ்வழக்கத்தை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

கருவியை அறியாமல் பழிக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். அதன் வேலைப்பாடு வியப்புக்குரியதே. ஒலிவாங்கி வழியே வரும் ஓசையை அது, இசைத்தட்டின் தரத்தில் என்றால், ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றில் வைக்கப்படுகிறது. இவ்வாறு சேமித்த துண்டே 'சாம்பிள்'. அதனை மேல்கட்டையில் வாசித்தால் விரைந்து ஓடிச் சிறுபிள்ளைக் குரலாகும். கீழ்க்கட்டையில் இழுத்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலாகும். ஆதலால் பல சுருதிகளில் தனித்தனியே பதிந்து, கட்டைகளுக்குப் பங்கிட்டு வைக்கிறார்கள். 1988இல் வெளிவந்த கோர்க் எம்1 இத்தகைய ஒலிகளையும், தாளத்தையும், இசைக்கோப்பையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிப் புகழ்பெற்றது. 1999இல் வந்த ட்ரைட்டன் போன்றவற்றில், வாங்கியவரே தம் ஊர் ஒலியைப் பதிந்துகொள்ளவும் வழி பிறந்தது. நம் கோவிலுக்குள் புகுந்த சிக்கல் இந்த வழியாகத்தான் புகுந்தது.

இக்கருவிகளுக்கு முன்னோடி ஒன்று இங்கிலாந்தில் 1963இல் விற்பனைக்கு வந்தது. மெல்லோட்ரான் என்பது அதன் பெயர். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா. அழுத்தினால் நாடா நகரும். ஏறத்தாழ எட்டு வினாடியில் அது தீர்ந்துவிடும், ஓசையும் நின்றுவிடும். விரலை எடுத்து மீண்டும் வைத்தாக வேண்டும். அந்தப் பழைய பொறிக்கு ஒரு நாணம் இருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. பாடுகிறவருக்கு மூச்சு முடிவது போல அதற்கும் முடிந்தது. இன்றைய கருவிக்கு அந்தத் தடை இல்லை. பதிந்த குரலின் நடுப்பகுதியைச் சுழலவிட்டு, விரல் இருக்கும்வரை 'ஆ' என்று நீட்டிக்கொண்டே இருக்கும். மூச்சு வாங்காத குரல் அது. எபிரேயத்தில் மூச்சுக்கும் ஆவிக்கும் 'ரூவாக்' என்ற ஒரே சொல் இருப்பதை மறைக்கல்வி மாணவரும் அறிவர். மூச்சே இல்லாத ஒன்று நம் பெயரால் இறைவனை வாழ்த்துவது எங்ஙனம்?

'ஆமென்' வெறும் இசையொலி அன்று. மறைச்சாட்சியான புனித யுஸ்தீன், ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் உரோமை அரசனுக்கு எழுதிய விளக்கத்தில் கிறிஸ்தவர்களின் வழிபாட்டை விவரிக்கிறார். தலைவர் நன்றி மன்றாட்டை முடித்ததும், கூடியிருக்கும் மக்கள் அனைவரும் ஆமென் என்று உரத்துச் சொல்வதை அவர் தனியே எடுத்துக் குறிக்கிறார். புனித அகுஸ்தினாரோ, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோரிடம், நீங்கள் கிறிஸ்துவின் உடலாக இருந்தால்தான் நீங்கள் சொல்லும் ஆமென் உண்மையாகும் என்ற கருத்தில் பேசினார். அது கையெழுத்துப் போன்றது. சென்ற ஆண்டு இட்ட கையெழுத்தை நகலெடுத்து இந்த ஆண்டுப் பத்திரத்தில் ஒட்டினால் பதிவாளர் ஏற்பாரா? அன்று அந்த ஆமெனைப் பாடியவர்களில் ஒருவர் இன்று வேற்றூரில் வேலைக்குப் போயிருக்கலாம். ஒருவர் இறந்தும் போயிருக்கலாம். இங்கே, இன்று, இப்பலியில் நிற்கும் விதவைத் தாய்தான் தம் கம்மிய குரலில் அதனைச் சொல்ல வேண்டும்.

"ஆர்கனும் பொறிதானே? அதிலும் மனிதக் குரல் என்று பெயரிட்ட குழாய் வரிசை உண்டே?" என்று கேட்போர் உளர். நல்ல கேள்வி. குழல் ஆர்கனை 1963ஆம் ஆண்டுச் சங்க ஏடு பெரிதும் மதிக்கச் சொல்வதும், தகுதியான பிற கருவிகளுக்கு இடம் தருவதும் உண்மையே. ஆனால் ஆர்கன் எவருடைய வாயையும் அடைப்பதில்லை. அது துணைநிற்கிறது, அதனை வாசிப்பவர் அந்நேரம் தம் விரலாலும் காலாலும் மன்றாடுகிறார். ஒலிபெருக்கியும் அப்படியே, உயிருள்ள குரலைத்தான் பெருக்குகிறது. கீபோர்டு துணைநிற்கும்வரை அதன்மீது நமக்கு வழக்கில்லை. மக்களுக்குரிய வார்த்தையை அது பேசத் தொடங்கும்போதுதான் வழக்கு.

திருச்சபை இதனை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், 1958 செப்டம்பரில் வெளிவந்த அறிவுரை, தானியங்கி ஆர்கன், கிராமபோன், ஒலிநாடாப் பொறி முதலியவற்றை வழிபாட்டுச் சடங்குகளில் விலக்கியது. பாடல் கற்பிக்க அவற்றைப் பயன்படுத்தத் தடையில்லை என்றும் கண்டது. சங்கத்துக்குப் பின் சட்டங்கள் பல மாறின; 1973இல் சிறுவர் திருப்பலிகளுக்குச் சில தளர்வுகளும் வந்தன. ஆயினும் அமெரிக்க ஆயர்கள் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பதிவு செய்த இசைக்கு உயிருள்ள சபையின் உண்மைத்தன்மை இல்லை என்று அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

நம்மை மிகவும் வருத்துவது இன்னொன்று. பறை பல தலைமுறைகளாகச் சாவு வீட்டுக்குரியது என்று ஒதுக்கப்பட்டது. அதனை இசைத்த நம் தலித் சகோதரர் ஆலயத்துக்குள்ளேயே தனி இடத்தில் அமர்த்தப்பட்ட வரலாறு நமக்கு உண்டு. கல்லறையிலும் சுவர் எழுப்பினோம். பண்பாட்டுமயமாதல் பேசப்பட்ட பின்னரே பறை பீடத்தின் அருகே வந்தது. இப்போது பொங்கல் திருப்பலிக்குப் பறை வேண்டும் என்றால் கீபோர்டின் பட்டையை விரலால் தட்டுகிறார்கள். ஓசை உள்ளே வந்துவிட்டது. அதை இசைத்தவர் மறுபடி வெளியே நிற்கிறார். தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டிய அந்தக் கைகள் ஒருமுறை பதிவுக்கு வந்தன, அத்தோடு சரி. நாதசுரக்காரருக்கும் இதே கதிதான். செலவு மிச்சம் என்கிறார்கள். யாருடைய கூலி அது?

பாட ஆளில்லை என்ற சாக்கையும் நாம் ஏற்பதற்கில்லை. ஆளில்லாமல் கருவி வந்ததா, கருவி வந்ததால் ஆள் போனதா என்பதைப் பங்குப் பேரவை எண்ணிப் பார்க்கட்டும். நான்கு பேர் சுருதி பிசகப் பாடினால் நால்வர் பாடினார்கள். பதிவுக் கலையை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஒத்திகையில் ஆண் குரல் வரிசையைத் தனியே பதிந்து ஒலிக்கவிட்டால், இசைக்குறி அறியாத இளைஞரும் ஒரு மணிநேரத்தில் கற்றுக்கொள்வர். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் பாடும் முதியோர் ஊருக்கு இருவர் மூவரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் குரலை இவ்வாண்டே பதிந்து வையுங்கள், இளையோர் கேட்டுக் கற்கட்டும். ஞாயிறு காலையில் மட்டும் ஆமென் பதிந்த அந்தக் கட்டையை வெறுமையாக விடுங்கள். பொங்கலுக்குப் பறை இசைப்போரை முன்னதாகவே நேரில் சென்று அழையுங்கள்; அவர்களுக்குரிய ஊதியத்தைப் பங்கின் வரவுசெலவில் எழுதுங்கள்.