குண்டு எங்கே போயிற்று?

சித்திரக் கதை என்றாலே முகத்தைச் சுளிக்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. படிக்காமல் பழிக்கிறவர்கள் என்றைக்காவது படித்துவிடக் கூடும். என் சண்டையெல்லாம் படித்துவிட்டுப் புகழ்கிறவர்களோடுதான். 'ஹல்க்' என்ற பச்சை ராட்சசனின் கதையை அவர்கள் புகழ்கிற விதத்தைக் கேளுங்கள்: ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஒரு மிருகம் ஒளிந்திருக்கிறதாம்; கோபம் வந்தால் அது வெளியே வந்துவிடுகிறதாம்; ஆகவே கோபத்தை அடக்க வேண்டுமாம். நல்ல உபதேசம்தான். இதைச் சொல்வதற்கு ஒரு ராட்சசனும் ஒரு ராணுவமும் எதற்கு? நம் பாட்டிமார்கள் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்களே!

ஸ்டான் லீ எழுதி, ஜாக் கிர்பி வரைந்த முதல் இதழ் 1962 மே மாதத் தேதியிட்டு வந்தது. மொத்தம் ஆறே இதழ்கள். 1963 மார்ச்சோடு நின்றுபோயிற்று. (ஆறாவதை மட்டும் ஸ்டீவ் டிட்கோ வரைந்தார்.) அந்த ஆறும் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. என் வார்த்தையை நம்ப வேண்டாம். முதல் கதையை எடுத்துப் பாருங்கள். அங்கே கோபத்துக்கு வேலையே இல்லை. பொழுது சாய்ந்தால் புரூஸ் பானர் ராட்சசனாகிறான்; விடிந்தால் மனிதனாகிறான். கோபம் வந்தால் உருமாறுகிற ஏற்பாடெல்லாம் 1964-ல், கதை வேறொரு பத்திரிகையில் மறுபடி தொடங்கிய பிறகு வந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் இதழில் அவன் பச்சையாகக்கூட இல்லை, சாம்பல் நிறம். அது அச்சில் பக்கத்துக்குப் பக்கம் ஒவ்வொரு விதமாக விழுந்து தொலைத்ததால் இரண்டாம் இதழில் பச்சை பூசினார்கள். பச்சைக்குத் தத்துவார்த்தம் கற்பிக்கிறவர்கள் அச்சாபீஸையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

கோபம் இல்லையென்றால் அந்த முதல் கதையில் என்னதான் இருக்கிறது? குண்டு இருக்கிறது.

பானர் ஒரு விஞ்ஞானி. ராணுவத்துக்காக 'காமா குண்டு' ஒன்றைச் செய்து பாலைவனத்தில் சோதனைக்கு வைத்திருக்கிறான். வெடிக்கிற நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது ரிக் ஜோன்ஸ் என்ற பையன், சிநேகிதர்கள் சவால் விட்டார்கள் என்பதற்காகக் காரை ஓட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே வந்து நிற்கிறான். பானர் ஓடிப்போய் அவனைப் பள்ளத்துக்குள் தள்ளுகிறான். சோதனையை நிறுத்தும்படி அவன் சொல்லிவிட்டுப் போன உதவியாளன் நிறுத்தவில்லை. குண்டு வெடிக்கிறது. கதிர்கள் பாய்வது பானர் மேல்.

இந்த இடத்தில்தான் வாசகர் நிற்க வேண்டும். 1945 ஜூலை 16-ந் தேதி நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தபோது அதன் தூசி சுற்று வட்டாரத்துப் பண்ணைகளின் மேலும் மாடுகளின் மேலும் விழுந்தது. சோதனைகளின் கதிரியக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர 1990-ல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அதில் நெவாடா சோதனைத் தளத்தை ஒட்டிய சில பகுதி மக்களுக்கு இடம் இருந்தது. நியூ மெக்ஸிகோ ஜனங்கள் 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், கடலில் இருந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் மேல் பெய்தது. அதில் 23 பேர். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஒருவர் இறந்தார். அவர் எந்தக் குண்டையும் செய்தவர் அல்ல, மீன் பிடிக்கப் போனவர்.

நிஜத்தில் இப்படி நடந்துகொண்டிருந்த காலத்தில், சிறுவர்களுக்கான மலிவுப் பதிப்பு ஒன்றில் குண்டு அதைச் செய்தவன் தலையிலேயே விடிந்தது! எந்த ராணுவத்துக்காகச் செய்தானோ அதே ராணுவம் ராட்சசனைத் துரத்துகிறது. 1966-ல் ரகசியம் வெளியான பின் பானரும் தலைமறைவாக ஓட வேண்டியவனாகிறான். துரத்துகிற ஜெனரல் ராஸுக்கு, தாம் துரத்துவது தம்முடைய சோதனையின் பலனைத்தான் என்று ஒரு நாளும் உறைப்பதில்லை. அவர் மார்பில் பதக்கம் ஒன்றுகூடக் குறைவதில்லை.

அதே முதல் இதழில் எதிர்த் தரப்பின் வில்லன் ஒருவன் வருகிறான். கார்காயில் என்று பெயர். பெரிய தலை, கோரமான முகம். அவனும் தன் நாட்டின் குண்டுச் சோதனைகளில் வேலை செய்து உருக்குலைந்தவன். பானர் அவனுக்குப் பழைய முகத்தைத் திருப்பித் தருகிறான். அவனோ தன் எஜமானர்களின் தளத்தைத் தகர்த்துத் தானும் சாகிறான். இரண்டு வல்லரசுகளும் தங்கள் தங்கள் விஞ்ஞானிகளையே அரக்கர்களாக்கி வைத்திருக்கின்றன என்று, கியூபா நெருக்கடிக்குச் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பொம்மைப் புத்தகம் சொல்லியிருக்கிறது. இதைப் போய்க் கோபத்தை அடக்கும் பாடம் என்கிறீர்களே, நியாயமா?

கதை அப்பழுக்கற்றது என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. சோதனையை நிறுத்தாத அந்த உதவியாளனை சோவியத் ஒற்றனாக்கியிருப்பது சுத்தக் கோழைத்தனம். அப்படிச் செய்தவுடன் குற்றம் அயல்நாட்டான் தலைக்குப் போய்விடுகிறது. குண்டு நல்ல குண்டாகிவிடுகிறது. இதை எதற்காகச் செய்தோம் என்று பானர் தன்னையே ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆனாலும் குண்டு அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. பிற்பாடு வந்தவர்கள் அதையும் எடுத்து ஒளித்துவிட்டார்கள்.

1977-ல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது பானர், மனைவியை விபத்திலிருந்து காப்பாற்ற முடியாமல் போன துக்கத்தில் ஆய்வுக்கூடத்தில் தனக்குத் தானே கதிர் பாய்ச்சிக்கொள்கிறான். 1985-ல் சித்திரக் கதையிலேயே, அவனைச் சின்ன வயதில் கொடுமைப்படுத்திய தகப்பன் வந்து சேர்ந்தான். ராட்சசனுக்கு மூலம் அந்தக் கொடுமை என்றாயிற்று. 2003-லும் 2008-லும் வந்த சினிமாக்களில் அவனை ராட்சசனாக்குவது ஆய்வுக்கூடம்தான். தகப்பன் கொடுமை பெரிய விஷயமில்லை என்று யார் சொன்னார்கள்? அதற்குத் தனிக் கதை எழுதட்டும். அரசாங்கம் பணம் கொடுத்துச் செய்வித்த ஆயுதத்தின் பாவத்தை, ஒரு குடும்பத்தின் அடுக்களைச் சண்டையில் கொண்டுபோய்க் கரைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தத் தொலைக்காட்சித் தொடரை நான் வெறுக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். தோளில் பையை மாட்டிக்கொண்டு, போகிற வண்டிகளைக் கை காட்டி நிறுத்தி ஊர் ஊராகப் போகிற பில் பிக்ஸ்பியின் முகத்தில் அபாரமான சோகம் இருக்கிறது. அதில் அவனைத் துரத்துகிறவன் ஒரு பத்திரிகை நிருபர். ஜெனரலைக் கதையை விட்டே எடுத்துவிட்டார்கள்.