பூண்டை உரித்தவருக்கும் முடிவைச் சொல்லுங்கள்
(பல்கலைக்கழக, ஆராய்ச்சி நிலைய ஆய்வுகள் குறித்துப் போளூர் விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்களின் நிலைப்பாடு)

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக முயன்றது அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, போளூர் என்று மேல்மலையில் பூண்டு நடும் எல்லா வீடுகளும் அதற்குக் கடன்பட்டிருக்கின்றன. அந்த நன்றியோடுதான் இதைக் கேட்கிறோம்.

இந்த மலையில் நடக்கும் உயிரியல், உணவு ஆய்வு எதுவானாலும், அது வெளியான ஒரு மாதத்துக்குள் அந்த நிறுவனத்தின் ஆசிரியரல்லாப் பணியாளர்களுக்குச் சொல்லப்பட வேண்டும். தமிழில், வாய்ப்பேச்சாக, சம்பள நேரத்தில். ஆய்வுக்கூட உதவியாளர், விடுதிச் சமையல்காரர், ஓட்டுநர், காவலாளி, துப்புரவுப் பணியாளர், தோட்டத்துத் தினக்கூலி வரை யாரையும் விட்டுவிடக் கூடாது.

விவசாயிக்குச் சொல்லத்தான் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நாட்டின் முதல் நிலையமே 1974-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில் தொடங்கியதுதான். எங்கள் மாவட்டத்து நிலையம் காந்திகிராமத்தில் இருக்கிறது. மலையை விட்டு இறங்கி, கேட்டு, ஏறி வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவரோ எங்கள் வீட்டு அத்தை, பக்கத்து வீட்டு மச்சான். சாயங்கால பஸ்ஸில் ஊருக்கு வருகிறவர். அவர் அடுப்படியில் உட்கார்ந்து சொல்லும் ஒரு வார்த்தைக்கு, அச்சடித்த பத்துத் துண்டறிக்கைக்கு இல்லாத மதிப்பு உண்டு. அந்த வாயை நிறுவனங்கள் இதுவரை பயன்படுத்தவே இல்லை.

எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் உதவியாளராக இருந்தார். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். பூண்டை உரிப்பார், எடை போடுவார், எண் ஒட்டிய குப்பியில் போட்டு மூடுவார். விரலில் காரம் ஏறி ராத்திரியெல்லாம் எரியும். "எதுக்கும்மா இவ்வளவு பூண்டு?" என்று கேட்டால், "என்னமோ டெஸ்ட்டாம்" என்பதே அவருக்குத் தெரிந்த பதில். அந்த டெஸ்ட்டின் முடிவு ஆங்கிலத்தில் எங்கோ அச்சானது. அவர் ஓய்வு பெறும்வரை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூண்டுப் பல்லுக்குள் அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. பூண்டின் காரநெடி அதுதான். 1944-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். நொதிக்குச் சூடு ஆகாது. நாமோ ரசத்துக்குப் பூண்டைத் தட்டிய கையோடு கொதியில் போட்டுவிடுகிறோம். தட்டி வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால், நொதி தன் வேலையை அதற்குள் ஓரளவு முடித்திருக்கும். காசில்லாத யோசனை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைக்கும் விடுதிச் சமையல்காரருக்கு இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்று உயிர் போகிற விஷயம். பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு, குளிர்பெட்டியில் வைக்காமல் வெளியே வைத்தால், காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நஞ்சு கக்கும். நிறமும் மாறாது, நாற்றமும் வராது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் பரிமாறிய எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் படுத்தார்கள். புளிப்பு ஏற்றிய ஊறுகாய் வேறு, இது வேறு. சுற்றுலாப் பயணிக்கு விற்கலாம் என்று எங்கள் பெண்கள் பாட்டிலில் எதையாவது அடைக்கத் தொடங்கும்முன் இந்த வித்தியாசம் வீட்டுக்கு வந்துசேர வேண்டும். அதேபோல, 'இதயத்துக்கு நல்லது' என்று சொல்லிப் பூண்டு விற்கும் எங்கள் ஆட்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் பூண்டை அள்ளிச் சாப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதி அறிவியல் வியாபாரத்துக்கு நல்லது, ஆளுக்கு நல்லதல்ல.

வயலுக்கு வருவோம். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழுவை 1961-ல் நீலகிரியில் கண்டார்கள். பிறகு எங்கள் மலையிலும் கண்டார்கள். ஒரு கூடு குண்டூசித் தலையைவிடச் சிறியது. அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள், கிழங்கே நடாமல் போட்டாலும் பல வருடம் மண்ணில் சாகாமல் கிடக்கும். ஓரிடம் விட்டு இன்னோரிடம் போவது மண்வெட்டியிலும் செருப்பிலும் ஒட்டிய சேற்றோடு. காலையில் ஆராய்ச்சிப் பாத்தியில் களை வெட்டிவிட்டு, சாயங்காலம் அதே மண்வெட்டியோடு சொந்தக் காட்டில் இறங்கும் தினக்கூலிக்கு இது தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரிந்து என்ன பயன்?

மறுப்புகளும் காதில் விழுந்தன. காப்புரிமைக்குப் போகிற ஆய்வை முன்கூட்டி வெளியே சொன்னால் புதுமை போய்விடும் என்கிறார்கள். நியாயம். அதனால்தான் வெளியான பிறகு என்கிறோம். ஆராய்ச்சி மாணவியின் பட்டத்துக்கு இடைஞ்சலாக எதையும் கேட்கவில்லை. பணியாளர்களுக்குப் புரியாது என்ற பேச்சை மட்டும் ஏற்பதற்கில்லை. மன்னவனூரில் 1965 முதல் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த ஆடு இன்று மேயவில்லை என்று முதலில் பார்ப்பது மேய்ப்பவரின் கண். அடுப்புப் புகை படும் பரணில் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டால் விதை கெடாது என்பதும் எங்கள் பாட்டிமார் வழக்கம். ஆய்வாளர்கள் அதை எங்கள் வாயால் கேட்டுத்தான் எழுதிக்கொண்டார்கள். அப்போது எங்கள் தமிழ் அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது.

மாதிரி கேட்டு வருகிறவர்களுக்கு இனியும் பூண்டு கொடுப்போம், காசு வாங்க மாட்டோம். ஆனால் பையைக் கொடுக்கும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதி வாங்குவோம்: எதற்காக எடுக்கிறீர்கள், முடிவை உங்கள் பணியாளர்களிடம் எந்த மாதம் சொல்வீர்கள், அதைக் கேட்க எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேர் வரலாமா.