ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பறிபோகும் ஜிபி

போன சனிக்கிழமை ராத்திரி, பெருங்களத்தூர் ரூம்ல உக்காந்து சொந்த ஆணி ஒண்ணு புடுங்கிட்டு இருந்தேன். ஆபீஸ் ஆணி எல்லாம் ஆபீஸோட சரி. வீட்டுல லேப்டாப்பைத் திறக்கறது வாரத்துக்கு ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்காக மாசாமாசம் ஃபைபருக்கு எதுக்கு அழணும்னு மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஓட்டிட்டு இருக்கேன். விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாம உள்ள புகுந்து, அன்னிக்கு மிச்சமிருந்த டேட்டாவை முழுங்கி ஏப்பம் விட்டுடுச்சு. மீட்டர்டு கனெக்‌ஷன்னு மாத்தி வைக்காதது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அடுத்து நடந்தது என் தப்பு இல்ல. டாப்-அப் போட்டாத்தான் வேலை ஓடும்னு மெசேஜ் வருது!

பொட்டி தட்டுறவன் இல்லையா, உக்காந்து கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 2 ஜிபி, 28 நாளைக்கு 56 ஜிபி. காசு கட்டியாச்சு. லேப்டாப் திறக்காத 24 நாளும் போன்ல அரை ஜிபிதான் செலவாகுது. தினம் ஒண்ணரை ஜிபி வீதம் 36 ஜிபி காத்தோட போச்சு. நாலு சனிக்கிழமை மட்டும் 5 ஜிபி வேணும், கிடைக்கறது 2. ஆக 12 ஜிபியைத் திரும்பக் காசு குடுத்து வாங்கறேன். 36 ஜிபியை இழந்தவன் 12 ஜிபிக்குக் கடைக்குப் போறான். இதைவிடக் கேவலமான வியாபாரம் உண்டா மக்கா?

அண்ணாச்சி கடையில 28 கிலோ அரிசிக்குக் காசு வாங்கிட்டு, "தினம் ஒரு கிலோதான் தருவேன், பொங்காத அரிசியை ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து அள்ளிட்டுப் போயிடுவேன்"னு சொன்னா சும்மா இருப்போமா? இங்க மட்டும் வாயைப் பொத்திக்கிட்டு ரீசார்ஜ் பண்றோம்.

"இங்க டேட்டா ரொம்ப சீப்புப்பா"ன்னு யாராவது கிளம்பி வருவீங்க. தெரியும் சாமி. 2016 செப்டம்பர்ல ஜியோ வர்றதுக்கு முன்னாடி ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் கிட்ட அழுதவன்தான் நானும். ஆனா அன்னிக்கு வாங்கின ஒரு ஜிபியை மாசக் கடைசி வரைக்கும் என் இஷ்டத்துக்குச் செலவு பண்ண முடிஞ்சுது. இன்னிக்கு விலை இறங்கிடுச்சு, பொருள் மட்டும் நம்ம கைக்கு வரல.

தொழில்நுட்பம் இடம் கொடுக்காதுன்னும் சொல்ல முடியாது. வார நாள் மிச்சத்தை சனி, ஞாயிறுல செலவு பண்ற வசதியை வோடஃபோன் ஐடியா 2020-லயே குடுத்துது. தினக் கோட்டா இல்லாத நீண்ட நாள் பிளான்களும் வந்திருக்கு. ஆனா அதுல கால் காசையும் சேர்த்துக் கட்டணும். தனி டேட்டா பேக் வாங்கலாம்னு போனா, பெரும்பாலும் அடியில ஒரு பிளான் உயிரோட இருந்தாத்தான் வேலை செய்யும்.

டிராய் தூங்கறாங்கன்னு சொல்ல மாட்டேன். 28 நாள் கூத்தால வருஷத்துக்கு 13 தடவை ரீசார்ஜ் பண்றோமேன்னு ஜனங்க கத்தினப்ப, ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒண்ணாவது வைக்கணும்னு 2022 ஜனவரியில உத்தரவு போட்டாங்க. 2024 டிசம்பர்ல இன்னும் நல்ல காரியம் செஞ்சாங்க. டேட்டா வேண்டாதவங்களுக்குக் காலும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் கட்டாயம்னு ஆக்கினாங்க. சிறப்பு வவுச்சர்களோட ஆயுளையும் 90 நாள்லேர்ந்து 365 நாளா நீட்டினாங்க.

உபயோகிக்காததுக்குக் காசு குடுக்க வேணாம். அதானே இதுல இருக்கற நியாயம்? அதே நியாயம் எனக்கும் வேணும். கால் வேணாம், எஸ்.எம்.எஸ். வேணாம், ஓடிடி ஓசியும் வேணாம். 50 ஜிபி, 365 நாள், தினக் கோட்டா கிடையாது, அடியில வேற பிளான் தேவையில்ல. நியாயமான விலையைச் சொல்லுங்க, இப்பவே கட்டறேன்.

வார நாள்ல ஆபீஸ் வைஃபை, வாரக் கடைசியில ஊருக்கு பஸ்ஸுன்னு இந்தப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கற எத்தனையோ பேருக்கு இது போதும். இலவசமா கேக்கல. வாங்கின பொருளை எங்ககிட்டயே விட்டுவைங்கன்னுதான் கேக்கறேன்.

டிஸ்கி: இதை எழுதி முடிக்கும்போது மணி 11:50. இன்னிக்கு மிச்சம் 1.4 ஜிபி. இன்னும் பத்து நிமிஷத்துல அள்ளிட்டுப் போக வருவாங்க. அவ்வ்வ்வ்...