வாத்தியார் வேலை வீணான காலமா?

பத்து ஆண்டு ஆசிரியராக இருந்த ஒருவர் சட்டம் படித்து, கல்வி வழக்குகளை நடத்த நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் என்ன வரவேற்பு கிடைக்கிறது? "இத்தனை வருஷத்தை வீணாக்கிட்டீங்களே!" என்ற இரங்கல். அதோடு, "இந்த வயசுல ஜூனியரா?" என்ற நமட்டுச் சிரிப்பு.

வீண் என்று சொல்வது யார்? தாத்தா காலத்திலிருந்து சட்டப் புத்தக அலமாரி வைத்திருப்பவர்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் பிள்ளையை இறக்கிவிட்டு வரும் இடம். நம்மில் பலருக்கோ, சாதி முதன்முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடம்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 16. உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்கிறது பிரிவு 17. புத்தகத்தில் இவை சில வரிகள். மீறல் எப்படி நடக்கிறது என்பது உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். "வெளியேற்றினோம்" என்று எந்தப் பள்ளியும் எழுதாது. "பெற்றோர் விருப்பம்" என்று எழுதி டிசியைக் கையில் கொடுக்கும். கழிப்பறை கழுவ யாரை அனுப்பினார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஆனால் வருகைப் பதிவேட்டை எப்போது எழுதுகிறார்கள், யார் எழுதுகிறார்கள், எப்படித் திருத்துகிறார்கள் என்று அறிந்தவர், தலைமையாசிரியரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது எங்கே கை வைக்க வேண்டும் என்பதையும் அறிவார். இதை எந்த சீனியரின் அலுவலகமும் கற்றுத் தராது.

நம் முன்னோடியே வாத்தியார்தான். 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் அம்பேத்கர் பேராசிரியர். பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்களே எதிர்த்தார்கள். பிறகு பாரிஸ்டர் ஆனார். மகாத் குளத்து வழக்கு 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ந்தது. பானையை மறுத்தவர்களுக்குக் குளத்தில் பதில் கிடைத்தது.

அதே சமயம், ஆசிரியராக இருந்தார் என்பதாலேயே ஒருவரைக் கொண்டாட வேண்டியதில்லை. வகுப்பில் சாதி பார்த்தவரும் கறுப்புக் கோட்டு மாட்டலாம். எப்படி எழுதினால் மாட்டாது என்று நிர்வாகங்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கலாம். எனவே நாம் கேட்க வேண்டியது எத்தனை ஆண்டு பாடம் நடத்தினார் என்பதை அல்ல. அந்த ஆண்டுகளில் யார் பக்கம் நின்றார், இப்போது யாருக்காக வக்காலத்து போடுகிறார் என்பதை.

நம் பக்கம் நிற்பவருக்கு விலை அதிகம். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞராகத் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. குடும்பத்துக்கு வந்த முதல் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் அவர் வர வேண்டும். ஜூனியர்களுக்குப் பெரிய நகரங்களில் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சமூகநீதி பேசும் சீனியர்களே, முதலில் உங்கள் அலுவலகத்தில் அதைக் கொடுங்கள்!

சட்டம் படிக்கும் தோழர்களே, டியூஷன் எடுத்திருந்தாலும், இரவுப் பாடசாலை நடத்தியிருந்தாலும் அதை மறைக்காதீர்கள். பள்ளியில் பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். நாளை ஒரு பிள்ளையின் வழக்கு அதில்தான் நிற்கும்.

ஜெய் பீம்!