தேருக்கு வடம் வாங்குவது யார்?

1783 டிசம்பர். மேரிலாந்தின் அனாபலிஸ் நகரில் கடுங்குளிர். பிரிட்டனோடு எட்டு ஆண்டுகள் போரிட்டு வென்ற 13 அமெரிக்க மாநிலங்களின் பொதுப் பேரவையான காங்கிரஸ் அங்கே கூடியிருந்தது. செப்டம்பர் 3 அன்று பாரிஸில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கைக்கு ஒப்புதல் தந்து, ஆறு மாதத்துக்குள் அதைக் கடல் கடத்தி அனுப்பியாக வேண்டும். நாட்டின் விடுதலையை எதிரியே எழுதிக்கொடுத்த பத்திரம் அது. ஒப்புதலுக்கு 9 மாநிலங்களின் வாக்கு வேண்டும். வந்திருந்ததோ 7 மாநிலங்கள்.

காத்திருந்தார்கள். கடிதம் போட்டார்கள். தென் கரோலினாவின் பிரதிநிதி ஒருவர் உடல்நலமின்றிப் பிலடெல்பியாவில் படுத்திருந்தார். எல்லோரும் அவர் கட்டிலருகே போய்க் கூட்டம் போட்டுவிடலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது. கடைசியில் அவரே எழுந்து வந்தார், கனெக்டிகட்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். 1784 ஜனவரி 14 அன்று ஒப்புதல் கிடைத்தது. பத்திரம் ஐரோப்பா போய்ச் சேர்வதற்குள் கெடு தாண்டிவிட்டது. நல்லவேளையாகப் பிரிட்டன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெரிதுபடுத்தியிருந்தால் எதிர்த்து நிற்கப் பேரவையிடம் படையும் இல்லை. அந்த ஆண்டு ஜூனில் ராணுவத்தைக் கலைத்தபோது, ஆயுதக் கிடங்குகளைக் காக்க அது விட்டுவைத்தது 80 வீரர்களை மட்டும்.

புதிதாக விடுதலை பெற்றவர்கள் தளர்வாகக் கைகோத்து ஆள முயன்றதற்கு உலகம் அடிக்கடி எடுத்துக்காட்டும் கதை இது. பெரும்பாலும் கேலியாகவே சொல்லப்படுகிறது. அந்தக் கேலியில் பாதிதான் நியாயம்.

கூட்டாட்சிக்கும் கூட்டமைப்புக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிடலாம். கூட்டாட்சியில் மத்திய அரசு குடிமகனையே நேரடியாகப் பிடிக்கும். வரி வாங்கும், வழக்குப் போடும், வேலை கொடுக்கும். கூட்டமைப்பின் மையத்துக்குக் குடிமகன் என்று ஒருவனைத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை உறுப்பு அரசுகள் மட்டுமே. அவற்றிடம் கேட்கும். கொடுத்தால் உண்டு.

அமெரிக்கர்கள் இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது அறியாமையால் அல்ல. தூரத்திலிருந்த ஒரு நாடாளுமன்றம் தங்களைக் கேட்காமல் வரி போட்டது என்பதற்காகவே துப்பாக்கி எடுத்தவர்கள் அவர்கள். அந்தப் போர் நடக்கும்போதே இன்னொரு வரி வசூல் மையத்தை உருவாக்கச் சொன்னால் யார் சம்மதிப்பார்கள்? ஜான் டிக்கின்சன் 1776-ல் எழுதிய முதல் வரைவு மையத்துக்கு ஓரளவு வலுவைத் தந்தது. மற்றவர்கள் அதை வெட்டி வெட்டிச் சுருக்கினார்கள். 1777 நவம்பர் 15 அன்று பேரவை ஏற்ற வடிவத்தில் இறையாண்மை அந்தந்த மாநிலத்திடமே இருந்தது. 1790 கணக்கெடுப்பில் ஏழு லட்சத்துக்குக் குறையாத மக்களைக் காட்டிய வர்ஜீனியாவுக்கும் ஒரு வாக்கு, 59 ஆயிரம் பேரைக் காட்டிய டெலவேருக்கும் ஒரு வாக்கு. ஆட்சித் தலைவர் கிடையாது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கிடையாது. வரி போடும் உரிமை அறவே கிடையாது. இவற்றில் ஓர் எழுத்தை மாற்றவும் 13 மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும்.

இவ்வளவு தளர்வான ஏட்டில் கையெழுத்து வாங்கவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மேற்கே மிசிசிப்பி ஆறுவரை நிலம் தமதென்று வர்ஜீனியா போன்றவை உரிமை கொண்டாடின. அப்படி நிலமில்லாத மேரிலாந்து, அவர்கள் விட்டுக்கொடுக்கும்வரை கையெழுத்திட மாட்டேன் என்று நின்றது. 1781 மார்ச் 1-ல்தான் அது இறங்கி வந்தது.

நம் ஊர்த் திருவிழாக்களுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று விதித்து, வசூலித்து, அதில்தான் தேருக்கு வடம் வாங்குவார்கள். கொடுக்காத வீட்டை ஊர் என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். 13 மாநிலக் கூட்டமைப்பில் மாநிலங்களிடம் பங்குத் தொகை கேட்பது இருந்தது, நில மதிப்பை வைத்துப் பங்கிட வேண்டும் என்ற விதியும் இருந்தது. கொடுக்காவிட்டால் என்ன என்ற கேள்விக்கு மட்டும் ஏட்டில் பதில் இல்லை. போர்க்காலத்தில் பேரவை அச்சடித்துத் தள்ளிய 20 கோடி டாலருக்கும் மேலான காகிதப் பணம் 1781-க்குள் குப்பையாகிவிட்டது. பிரான்ஸிடமும் டச்சுக்காரர்களிடமும் வாங்கிய கடன் நின்றது.

அதனால் 1781-ல் பேரவை பணிவாக ஒன்று கேட்டது. இறக்குமதியாகும் பொருள்களுக்கு 5 சதவீதம் சுங்க வரி, அவ்வளவுதான். ஒவ்வொரு மாநிலமாக ஒப்புக்கொண்டுவந்தது. 1782 நவம்பரில், பரப்பளவில் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் மறுத்தது. வர்ஜீனியாவும் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. திட்டம் செத்தது. 1783-ல் திருத்திக் கொண்டுவந்தார்கள். இந்த முறை கழுத்தில் கத்தி வைத்தது நியூயார்க்.

இவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ரோட் ஐலண்டுக்குத் துறைமுகங்கள் இருந்தன, விளைநிலம் குறைவு. இறக்குமதி வரி போனால் அதன் கருவூலத்துக்கு வேறு வழி இல்லை. நியூயார்க்குக்கும் துறைமுகம்தான் பணப்பெட்டி. தன் பெட்டிச் சாவியைத் தானாகக் கொண்டுவந்து கொடுக்கும் அரசு எந்த நாட்டிலும் இருந்ததில்லை. ஒரே ஓர் உறுப்பினர் தலையாட்ட மறுத்தால் 12 பேரின் சம்மதமும் வீணாகும்படி விதி எழுதியவர்கள்மீதுதான் குற்றம் சொல்ல வேண்டும்.

பணமில்லாத மையம் எப்படி அவமானப்படும் என்பதற்கு 1783 ஜூன் 21 ஒன்றே போதும். சம்பள பாக்கி கேட்டு நூற்றுக்கணக்கான படைவீரர்கள் பிலடெல்பியாவில் பேரவைக் கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். பென்சில்வேனியாவின் காவல் படையை அனுப்பும்படி பேரவை மன்றாடியது. அந்த மாநிலத்தின் நிர்வாகக் குழு அசையவில்லை. குழுவின் தலைவர் யார் தெரியுமா? கூட்டமைப்பின் முதல் வரைவை எழுதிய அதே டிக்கின்சன். பேரவை பிரின்ஸ்டனுக்கு ஓடியது. பிறகு அனாபலிஸ், டிரென்டன், நியூயார்க் என்று வீடு மாற்றிக்கொண்டே இருந்தது. வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரரைப் போல.

இதற்கிடையே மாநிலங்கள் ஒன்றையொன்று கறந்தன. நியூ ஜெர்சியிலிருந்து காய்கறி ஏற்றிவந்த படகுக்கும் கனெக்டிகட்டிலிருந்து விறகு ஏற்றிவந்த படகுக்கும் நியூயார்க் கட்டணம் வைத்தது. நியூ ஜெர்சி சும்மா இருக்குமா? தன் கரையிலுள்ள சாண்டி ஹூக்கில் நியூயார்க் கட்டியிருந்த கலங்கரை விளக்கத்துக்கு மாதம் 30 பவுன் வரி போட்டது. 1786-ல், நியூயார்க் அந்த 5 சதவீதத்துக்கு ஒப்பும்வரை பொதுச் செலவுக்கு ஒரு காசும் தர முடியாது என்று அறிவித்தது. சமாதானம் பேசப் பேரவை தூது அனுப்ப வேண்டியதாயிற்று, சொந்த உறுப்பினரிடமே!

கேலியில் பாதிதான் நியாயம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. இதே நொண்டிப் பேரவைதான் மேற்கு நிலங்களை மாநிலங்களிடமிருந்து பொதுச் சொத்தாக வாங்கியது. அங்கிருந்த பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1785-ல் அந்நிலத்தை ஆறு மைல் சதுர ஊர்களாக அளந்து, ஒவ்வோர் ஊரிலும் 36-ல் ஒரு பங்கைப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியது. 1787 ஜூலை 13 அன்று, ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்றும், அங்கே உருவாகும் மாநிலங்கள் பழைய மாநிலங்களுக்குச் சமமாகச் சேரும் என்றும் சட்டம் செய்தது. பின்னாளில் இல்லினாயும் மிச்சிகனும் அப்படித்தான் பிறந்தன. பொதுச் சொத்து என்று ஒன்று கையில் இருந்தபோது தளர்ந்த கூட்டமைப்பும் வேலை செய்தது.

கூட்டாளிகளின் எண்ணிக்கையும் ஒரு விஷயம். 13 பேர் இருந்தால் இழுபறி. இருவர் மட்டுமே என்றால் இன்னும் மோசம். நடுவில் நின்று பேச மூன்றாமவர் இல்லை.

1960 ஜூன் 20 அன்று மாலி கூட்டரசு என்ற பெயரில் செனகலும், அப்போது பிரெஞ்சு சூடான் எனப்பட்ட இன்றைய மாலியும் சேர்ந்தே விடுதலை பெற்றன. பொதுச் சட்டமன்றத்தில் ஆளுக்கு 20 இடம். சூடான்காரரான மொதிபோ கெய்ட்டா பிரதமர். அவருக்கு வலுவான மையம் வேண்டும். செனகலின் தலைவர் லியோபோல்ட் செங்கோருக்குத் தளர்வான கட்டு போதும். சூடானில் மக்கள் அதிகம், செனகலிடம் டக்கார் துறைமுகம். குடியரசுத் தலைவர் யார் என்று முடிவாக வேண்டிய ஆகஸ்ட் மாதத்தில் சண்டை முற்றியது. 20-ம் தேதி செனகல் வெளியேறியது. விடுதலை பெற்றுச் சரியாக இரண்டு மாதம்! கெய்ட்டாவைப் பிடித்து, கதவடைத்த ரயிலில் ஏற்றி பமாக்கோவுக்கு அனுப்பிவைத்தார்கள். டக்காரையும் பமாக்கோவையும் இணைத்த அந்த ரயில் பாதையையே மாலி பிறகு மூடிவிட்டது. 1963 வரை எல்லையில் ரயில் ஓடவில்லை.

செர்பியாவும் மான்டினீக்ரோவும் 2003-ல் இதே ஆட்டத்தை நாகரிகமாக ஆடின. ஒன்றில் தினார், மற்றொன்றில் யூரோ. சுங்கம் தனித்தனி. மூன்று ஆண்டு கழித்து விரும்பியவர் வாக்கெடுப்பு நடத்திப் பிரிந்துபோகலாம் என்று சாசனத்திலேயே எழுதினார்கள். கல்யாணப் பத்திரிகையில் விவாகரத்துத் தேதியையும் அச்சிட்டதுபோல. 2006 மே 21 வாக்கெடுப்பில் பிரிவதற்கு 55 சதவீதம் வேண்டும் என்று வைத்தார்கள், 55.5 கிடைத்தது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை என்பது பெருமைதான்.

இந்தியாவுக்கும் இப்படி ஒரு வாசல் திறந்திருந்தது. 1946 மே 16 அன்று பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு தந்த திட்டத்தில் மையத்துக்கு வெளியுறவு, பாதுகாப்பு, தகவல் தொடர்பு மூன்றும் மட்டுமே. அவற்றுக்கு வேண்டிய நிதியைத் திரட்டும் அதிகாரமும் உண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அமெரிக்கப் பாடத்தை யாரோ படித்திருக்கிறார்கள். பிரிவினை உறுதியானதும் அரசமைப்பு அவை அந்த வாசலைச் சாத்திவிட்டு வலுவான மையத்தின் பக்கம் போனது. விளைவு, இங்கே கையேந்தி நிற்பது மாநிலங்கள். அது வேறொரு நாள் எழுத வேண்டிய கதை.

இன்று இந்தச் சோதனையைப் புதிதாகத் தொடங்கியிருப்பவை மாலி, புர்கினா ஃபாஸோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகள். மூன்றையும் ஆள்பவை ராணுவ அரசுகள். 2024 ஜூலை 6 அன்று நியாமே நகரில் கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மறு ஆண்டு ஜனவரியில், எகோவாஸ் என்னும் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டிலிருந்து அதிகாரபூர்வமாக விலகின. மார்ச்சில், வெளியிலிருந்து வரும் இறக்குமதிக்கு 0.5 சதவீதம் வரி என்று அறிவித்தன. விட்டு வந்த எகோவாஸும் தன் செலவுக்கு இதே 0.5 சதவீதத்தைத்தான் வாங்குகிறது. பழைய வீட்டின் சமையல் குறிப்பைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். அதில் தவறில்லை. 13 மாநிலங்கள் கடைசிவரை கட்ட முடியாத பணப்பையை இவர்கள் முதல் ஆண்டிலேயே கட்ட முனைந்தது மெச்சத்தக்கது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் கடற்கரை இல்லை. வரிக்குரிய சரக்கு அடுத்தவர் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். அதைவிடப் பெரிய குறை, அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்று கேட்கும் உரிமையுள்ள வாக்காளர் மூன்று நாட்டிலும் இல்லை. மக்களிடம் கேட்காமல் மூன்று தளபதிகள் செய்துகொண்ட ஒப்பந்தம், அவர்களில் ஒருவர் கவிழ்ந்தாலும் நிற்கும் என்று நம்புவதற்கில்லை.

அமெரிக்கக் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடலாம். 1787 மே மாதம் பிலடெல்பியாவில் புதிய அரசமைப்பு எழுதக் கூடியபோது ரோட் ஐலண்ட் ஆள் அனுப்பவில்லை. கூடியவர்களோ 13 பேரும் ஒப்ப வேண்டும் என்ற பழைய விதியைத் தூக்கி வைத்துவிட்டு 9 போதும் என்று எழுதினார்கள். 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் முதல் அதிபராகப் பதவியேற்றபோது ரோட் ஐலண்ட் சட்டப்படி வெளியாள். அடுத்த ஆண்டு மே மாதம், அதனோடு வணிகத்தையே தடை செய்யும் மசோதாவைச் செனட் நிறைவேற்றியது. அந்த மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகர வணிகர்களே பிரிந்துபோவோம் என்று பயமுறுத்தினார்கள். 1790 மே 29 அன்று ரோட் ஐலண்ட் வாக்கெடுத்துக் கூட்டாட்சியில் சேர்ந்தது. ஆதரவு 34, எதிர்ப்பு 32.