நான்காம் நாள் குழந்தையை யார் பார்ப்பது?

‘மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுக்கப்படும். ஞாயிறு, செவ்வாய் காலை 6 மணி முதல். வெறும் வயிற்றில் வரவும்.’ மதுராந்தகம் சுற்றுவட்டாரத்தில் நடமாடுகிறவர்கள் சாலையோரச் சுவர்களில் இந்த மாதிரி வாசகத்தைப் படிக்காமல் இருந்திருக்க முடியாது. கிழமை, நேரம், எப்படி வர வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. அரசு மருத்துவத்தில் காமாலைக்கு இதைவிட நல்ல சிகிச்சை உண்டு, அதுவும் இலவசமாக. ஆனால் எந்த நாளில், எங்கே, யாரிடம் போக வேண்டும் என்று ஒரு சுவரிலும் எழுதியிருக்காது. பெரியவர்கள் எப்படியோ விசாரித்துப் போய்விடுவார்கள். பிறந்து நான்கு நாளான குழந்தை யாரை விசாரிக்கும்?

எங்கள் தெருவில் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு நடந்தது இது. சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “லேசா மஞ்சள் இருக்கும்மா, காலையில வெயில்ல காட்டுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னார்களாம். எந்த வெயில், எவ்வளவு நேரம், மஞ்சள் கூடினால் எப்போது திரும்பி வருவது என்று எதுவும் சொல்லவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. “தங்கமான புள்ள, அழவே மாட்டேங்குது” என்று ஆயாவுக்குப் பெருமை. ஐந்தாம் நாள் மாலை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண் பார்க்க வந்தாள். குழந்தையை வாசலுக்குத் தூக்கி வந்து நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் மஞ்சள். உள்ளங்காலும் மஞ்சள்.

“ஆயா, பால் குடிக்குதா?”

“எழுப்பினா ரெண்டு வாய் குடிச்சிட்டுத் தூங்கிடுதும்மா.”

அன்று இரவே குழந்தை பெரிய ஆஸ்பத்திரியில் லைட்டுக்கு அடியில் இருந்தது. இரண்டு நாளில் தேறி வீடு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அன்றைக்கு வார விடுமுறை. குழந்தை பிழைத்தது அதனால்தான். ஒரு பிள்ளையின் மூளை அண்டை வீட்டாரின் லீவு நாளை நம்பியிருப்பது என்ன ஏற்பாடு?

காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் கோரிக்கையும் புரியும். ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பதப்படுத்திப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிவிடும். வயிற்றுக்குள் இருந்தவரை இந்த வேலையைத் தாயின் உடல் பார்த்தது. பிறந்த பிறகு குழந்தையின் கல்லீரல் பழக நாள் பிடிக்கிறது. சிவப்பணுக்களோ குழந்தைக்கு அதிகம், அவற்றின் ஆயுளும் குறைவு. அதனால் மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் எண்பது பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும். பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். சிலருக்கு மட்டும் வடியாமல் ஏறும். எல்லை மீறி ஏறினால் பிலிருபின் மூளைக்குள் புகுந்து படிந்துவிடும். காது கேளாமை, கட்டுக்குள் நிற்காத கை கால் அசைவு எல்லாம் அதன் மிச்சம். ஒருமுறை வந்துவிட்டால் எந்தச் சிகிச்சையாலும் திருப்ப முடியாது. ஆனால் வருமுன் தடுப்பதற்கு நீல ஒளி விளக்கும், சரியான நேரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையுமே பெரும்பாலும் போதும்.

இந்த மஞ்சள் இரண்டு மூன்று நாளில் தலைகாட்டி, நான்காம் ஐந்தாம் நாளில் உச்சிக்குப் போகும். சுகப்பிரசவமானால் நம் ஊரில் இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். வீடு தேடிப் போய் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்கிறது தேசிய வழிகாட்டு நெறி. மூன்றாம் நாள் தாயும் பிள்ளையும் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கியிருப்பார்கள். அடுத்து வருவது ஏழாம் நாள். நடுவில் உள்ள நான்கு, ஐந்து, ஆறு யார் கணக்கில்? பிலிருபின் உச்சியில் நிற்கும் நாள்கள்தான் காலண்டரில் ஆளில்லாத நாள்கள். திட்டம் போட்டவர்கள் இதைக் கவனித்தார்களா என்பதே என் முதல் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நம் ஊர் வழக்கம் இன்னொரு முடிச்சும் போடுகிறது. தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு. கர்ப்பப் பதிவு செய்யூர் பக்கத்துப் புகுந்த வீட்டில், பிரசவம் மதுராந்தகத்தில், பிள்ளை வளர்வது கருங்குழியில். எந்த ஊர் நர்சம்மா பார்ப்பார்? புகுந்த வீட்டு நர்சம்மா கதவைத் தட்டினால், “அம்மா வீட்டுக்குப் போயிருக்குது” என்று பதில் வரும். தாய்வீட்டு நர்சம்மாவின் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயரே இருக்காது. நான் நர்சம்மாக்களைக் குறை சொல்லவில்லை. தடுப்பூசி, சர்க்கரை, ரத்த அழுத்தம், கணினிப் பதிவு என்று எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டியிருக்கிறோம். ஆனால் கர்ப்பப் பதிவில் கிடைக்கும் ‘பிக்மி’ எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் தர முடியாது என்று பிடிவாதம் பிடிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அதே எண்ணை வைத்துக் குழந்தை இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று அந்த ஊர் நர்சம்மாவின் செல்போனுக்குச் செய்தி அனுப்பத் தெரியாதா?

வெயில் சங்கதிக்கு வருவோம். இது மூடநம்பிக்கை அல்ல. ஒளி சிகிச்சை பிறந்ததே வெயிலில்தான். 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற நர்ஸ், குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். ஒரு குழந்தையின் உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதை மருத்துவர்களுக்குக் காட்டினார். அங்கிருந்துதான் நீல விளக்கு வந்தது, ஆய்வுக் கட்டுரை 1958-இல் வெளியானது. விளக்கு வந்த பிறகும் நாம் முற்றத்திலேயே நிற்கிறோம் என்பதுதான் வருத்தம். வெயிலுக்கு அளவு கிடையாது. நம் சித்திரை வெயிலில் பிஞ்சு உடம்பு வற்றிப்போகும், மார்கழிக் காலையில் குளிர்ந்துபோகும். எல்லாவற்றையும்விட ஆபத்து, ‘வெயில் காட்டிக்கிட்டுதானே இருக்கோம்’ என்ற நிம்மதியில் இரண்டு நாள் கடந்துவிடுவது. லேசான மஞ்சளுக்கு வீட்டு வைத்தியம் ஒன்றே ஒன்று: தாய்ப்பால், ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, தூங்கினாலும் எழுப்பி. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், தாயைப் பட்டினி போடும் பத்தியமும் வேண்டாம். ‘தாய்ப்பாலால்தான் மஞ்சள்’ என்று பாலை நிறுத்துவது தலைகீழ் வைத்தியம்.

மஞ்சளைக் கண்டுபிடிப்பதும் நம் வீடுகளில் சுலபமில்லை. குழந்தை இருட்டறையில், துணியில் சுருட்டி, பவுடர் பூசிக் கிடக்கும். மாநிறத் தோலில் மஞ்சள் சட்டென்று தெரியாது. பகல் வெளிச்சத்தில் வைத்து நெற்றி, நெஞ்சு, கால் என்று அழுத்திப் பார்க்க வேண்டும். கண் வெள்ளையையும் ஈறையும் பார்க்க வேண்டும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால், பால் குடிக்காமல் துவண்டால், கீச்சுக் குரலில் அழுதால், உடம்பை வில்லாக வளைத்தால் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். தாய்க்கு நெகட்டிவ் ரத்தமோ, ‘ஓ’ வகையோ இருந்தால் இன்னும் உஷார். பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய வேட்டியை எடுத்து அப்படியே பிள்ளைக்குச் சுற்றுவதும் ஆகாது. ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு அந்த நாப்தலின் வாடையே சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையை ஏற்றிவிடும். நம் பிரசவ வார்டுகளில் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது?

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலம் வெளுத்து வருகிறது, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை போடுகிறது என்றால் கதை வேறு. பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையை அறுபது நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தள்ளிப்போனால் கல்லீரல் மாற்றுதான். தைவான் 2004 முதல் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையை எல்லாத் தாய்மாருக்கும் கொடுக்கிறது. தாயே ஒப்பிட்டுப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிடலாம். நம் தாய் சேய் நல அட்டையில் ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

பெரியவர்கள் விஷயத்தில் குறை வேறு மாதிரி. கண் மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறம் என்றதும் முதலில் போவது மருந்து கொடுக்கும் வீட்டுக்கு. அங்கே பலருக்குக் குணமாவதும் உண்மை. தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே சரியாகும். பேர் வைத்தியருக்குப் போய்விடும். கையில் சுண்ணாம்பு தேய்த்துக் காமாலையை ‘இறக்குவது’, மரப்பட்டைச் சாறும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வரும் நிறம், அவ்வளவுதான். பிரச்னை மற்றவர்களுக்கு. பித்தப்பைக் கல், கணையக் கட்டி, ஹெபடைடிஸ் பி, குடி, எலிக்காய்ச்சல், எல்லாமே கண்ணை மஞ்சளாக்கும். நெல்லும் கரும்புமாய் வயல் சேற்றில் நிற்கும் படாளம் பக்கத்து ஆளுக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண், அதோடு மஞ்சள் என்றால் எலிக்காய்ச்சலைச் சந்தேகித்து உடனே ஆன்டிபயாடிக் தர வேண்டும். அவர் உப்பில்லாப் பத்தியத்தில் ஒரு வாரம் கிடந்தால் சிறுநீரகம் போய்விடும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் ஐந்தில் ஒருவர் வரை இறக்கக்கூடும். இவர்களைப் பத்தியம் காப்பாற்றாது.

கீழாநெல்லியை நான் இழிவாகச் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கும் சேர்ந்தே அதை ஆராய்ந்து 1988-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாக முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. குடிக்கிறவர் குடிக்கட்டும், ஆனால் முதலில் ரத்தத்தைக் கொடுத்துவிட்டுக் குடிக்கட்டும் என்பதே என் கட்சி. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். இதையும் எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

தடுப்பூசிக் கதை இன்னும் கசப்பு. ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட தடுப்பூசிகளைத் தயாரிக்க நம் செங்கல்பட்டு மாவட்டத்துத் திருமணியிலேயே நூறு ஏக்கரில், பல நூறு கோடி செலவில் மத்திய அரசு ஒரு வளாகம் கட்டியது. உற்பத்தி முழுதாகத் தொடங்காமலே கிடந்த அதை 2021 மே மாதம் முதல்வர் நேரில் பார்த்து, மாநிலத்திடம் ஒப்படைக்கும்படி பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

தண்ணீரால் வரும் காமாலையைத் தடுக்க ஒரே வார்த்தை: குளோரின். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டி ஆபரேட்டர் சோதனை மருந்து சொட்டு விட்டால் குளோரின் உள்ள தண்ணீர் மஞ்சளாகும். இந்த ஒரு மஞ்சள் மட்டும் நல்ல மஞ்சள். மேட்டுத் தெருவில் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுதுவது கண்துடைப்பு. ஏரி கலங்கல் வழிந்து கிளியாற்றங்கரை ஊர்களில் வெள்ளம் நிற்கும் மழைக்காலத்தில், கடைக்கோடித் தெருவில் பார்த்து எழுத வேண்டும்.

மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துறைக்கும் எங்கள் கோரிக்கை பெரிதல்ல. பிரசவம் பார்க்கும் எந்த அரசு நிலையமும் பிலிருபின் அளவு பார்க்காமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 2022 நெறிமுறை எல்லாக் குழந்தைக்கும் இதைப் பரிந்துரைக்கிறது. குத்தாமல் தோலில் வைத்தே அளக்கும் கருவி வட்டாரத்துக்கு ஒன்றாவது வேண்டும். நான்காம் அல்லது ஐந்தாம் நாள் பார்வையைத் தனியாகச் சேர்க்க வேண்டும், தாய்வீட்டு முகவரிக்கு. நீல விளக்கு எந்தெந்த மருத்துவமனையில் இரவிலும் வேலை செய்கிறது, செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி எப்படிக் கிடைக்கும் என்று ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலும் பலகை வைக்க வேண்டும். நோயுற்ற பச்சிளம் குழந்தைக்குப் பரிசோதனை, மருந்து, போக்குவரத்து எல்லாம் இலவசம் என்று 2011-லேயே அரசு அறிவித்த திட்டம் இருக்கிறது. புதிய திட்டம் எதையும் கேட்கவில்லை.

படிக்கிற நீங்களும் ஒன்று செய்யலாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, “நம்ம ஊர்ல பொறக்கிற குழந்தையை நாலாம் நாள் யார் வந்து பார்க்கிறாங்க?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதையே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நகராட்சியில் இருப்பவர்கள் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள்.