ஒரு கட்டம் போதும்!

பிரிட்டனில் 10 ஆண்டுக்கு ஒரு முறை மக்கள் தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். "நீங்கள் யார்?" என்று அதில் ஒரு கேள்வி உண்டு. ஆங்கிலேயர், வேல்சுக்காரர், ஸ்காட்லாந்துக்காரர் என்று கட்டங்கள் போட்டிருக்கும். உரிய கட்டத்தில் குறி போட்டால் வேலை முடிந்தது.

கார்ன்வால்காரருக்கு மட்டும் கட்டம் கிடையாது! "மற்றவர்" என்ற இடத்தில் அவர்களாகவே எழுதவேண்டும். 2011-ம் ஆண்டில் கார்ன்வாலில் சுமார் 73 ஆயிரம் பேர் அப்படி எழுதினார்கள். 2021-லும் கட்டம் வரவில்லை.

யார் இவர்கள்?

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கிறது கார்ன்வால். கடல் சூழ்ந்த நிலம். கிழக்கு எல்லையில் டேமர் ஆறு. வெள்ளீயச் சுரங்கமும் மீன்பிடிப்பும் பழைய தொழில்கள். இவர்களின் சொந்த மொழி ஆங்கிலத்துக்கு உறவல்ல. வேல்சு மொழிக்கு உறவு.

1497-ல் ஸ்காட்லாந்துப் போருக்காக அரசர் வரி போட்டார். "எங்கோ நடக்கும் சண்டைக்கு நாங்கள் ஏன் வரி கட்டவேண்டும்?" என்று இவர்கள் கொதித்தார்கள். ஒரு கொல்லரும் ஒரு வக்கீலும் தலைமை தாங்க, லண்டன் வரை நடந்தே போனார்கள். அங்கே தோற்றார்கள். தலைவர்கள் இருவருக்கும் மரண தண்டனை!

மொழியும் மெல்ல மெல்ல மங்கியது. 1777-ல் டாலி பென்ட்ரீத் என்ற மீன்காரக் கிழவி இறந்தார். அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் அவர்தான் என்பார்கள். பின்னால் வந்தவர்கள் பழைய ஏடுகளைப் படித்து அந்த மொழிக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள்.

ஜில்லாவா? தனிச் சீமையா?

"கார்ன்வால் இங்கிலாந்தின் ஒரு ஜில்லா" என்கிறது அரசு.

"இல்லை. 1337-ல் மூன்றாம் எட்வர்டு அரசர் தம் மகனுக்காக இதைக் கோமகன் சீமை ஆக்கினார். அந்தத் தனி உரிமை இன்றும் இருக்கிறது" என்கிறார்கள் சிலர்.

வாரிசும் உயிலும் இல்லாமல் ஒருவர் இறந்தால், இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அவர் சொத்து அரசுக்குப் போகும். கார்ன்வாலில் கோமகனுக்குப் போகும்! இன்றைய கோமகன் இளவரசர் வில்லியம். "வெறும் ஜில்லா என்றால் இந்தத் தனி முறை எதற்கு?" என்பது அவர்கள் கேள்வி. "அது சொத்துரிமை, ஆட்சி உரிமை அல்ல" என்பது அரசின் பதில்.

கொடுத்ததும் எடுத்ததும்

1999-ல் ஸ்காட்லாந்துக்கும் வேல்சுக்கும் தனிச் சபைகள் கிடைத்தன. எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று 2001-ல் சுமார் 50 ஆயிரம் பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். சபை வரவில்லை.

2014-ல் கார்ன்வால் மக்களைச் சிறுபான்மைத் தேசிய இனமாக அரசு ஏற்றது. நல்ல காரியம். ஆனால் 2016-ல் அவர்கள் மொழிக்குத் தந்துவந்த பணத்தை நிறுத்திவிட்டது! விருந்துக்கு அழைத்துவிட்டு இலையை எடுத்ததுபோல் அல்லவா இது?

"கார்ன்வாலின் மக்கள் தொகை 6 லட்சம்கூட இல்லை. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் அதில் ஏராளம். தனிச் சபை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்லவேண்டியவர்கள் யார்? அங்கே வாழும் மக்கள், பழையவர்களும் புதியவர்களும் சேர்ந்து, வாக்குப் போட்டுச் சொல்லட்டும்.

பழைய பட்டயங்களை வைத்து வக்கீல்கள் எவ்வளவு காலமும் வாதாடலாம். "நான் இன்னார்" என்று ஒருவர் சொல்லப் பட்டயம் தேவையில்லை. அடுத்த கணக்கெடுப்பில் ஒரு சிறு கட்டம் போடுங்கள். அதனால் பிரிட்டன் உடைந்துவிடாது!